ஆழம் பார்த்த அண்ணன்

லாரியின் பின்சக்கரம் எடை மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நின்றது. இன்னும் கொஞ்சம் முன்னால் வரச் சொல்லிக் கையைத் தூக்க வேண்டும். டன்னு கையைத் தூக்கினார். தோள் வரைக்கும் வந்த கை, அதற்கு மேல் ஏறமாட்டேன் என்றது.

"என்ன டன்னு அண்ணே, முன்னால வரச் சொல்றீங்களா, இல்ல எனக்கு டாட்டா காட்றீங்களா?" டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"முன்னால வாப்பா. ஒரு அடி."

"சத்தமே வரலையே! முன்னெல்லாம் நீங்க ஒரு குரல் குடுத்தா அடுத்த தெருவுல நிக்கிற லாரி கூட முன்னால வருமே!"

டன்னு சிரித்தார். உதடு மட்டும் விரிந்து மூடியது. அந்தச் சிரிப்பைக் கூட மனதுக்குள் 'இப்போது சிரிக்க வேண்டும்' என்று சொல்லிக்கொண்டுதான் சிரிக்க வேண்டியிருந்தது.

பத்தொன்பது வருடங்களாக இந்த எடை மேடையில் அவருக்கு இதே வேலை. லாரி மேடை மேல் ஏறியதும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். எல்லாச் சக்கரமும் இரும்புத் தட்டுக்குள் இருக்கிறதா, தட்டின் மேல் ஆள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு விசில் ஊத வேண்டும். உள்ளே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர், எல்லோருக்கும் 'கண்ணாடி', பொத்தானை அழுத்துவார், எடைச் சீட்டு வரும். மேடைக்கு ஒரே வாசல். முன்னால் வந்த லாரி பின்னால்தான் போயாக வேண்டும். அதற்கு இன்னொரு விசில்.

டன்னு என்ற பெயர் டிரைவர்கள் வைத்தது. நூற்று அறுபத்திரண்டு கிலோ உடம்புக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? சுற்றி வரும்போது தவறித் தட்டின் மேல் அவர் கால் பட்டால் போதும், கூண்டுக்குள் எண் நூற்று அறுபது துள்ளும். "டன்னு! சரக்க இறக்கு!" என்று கண்ணாடி ஒலிபெருக்கியில் கத்துவார். வரிசையில் நிற்கும் லாரிகள் எல்லாம் ஹாரன் அடிக்கும். டன்னுவும் இடுப்பில் கை வைத்து ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

அது ஏழு மாதத்துக்கு முந்தைய கதை. இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன் முடிந்து, இப்போது தொண்ணூற்றொரு கிலோ. நாய்க்குப் பயந்து ஓடியவன் கிணற்றில் விழுந்த மாதிரி, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயந்து ஓடியவர் வேறெதிலோ விழுந்துவிட்டார். அது என்ன கிணறு என்று அவருக்கே பெயர் தெரியவில்லை.

உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டும் குளிர்ந்தது. தலைமுடி சீப்போடு வந்தது. குளிக்கும்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடிந்தது. காலையில் அரை முட்டை. அதுவும் நெஞ்சில் நின்றுகொண்டு, மேலே போகட்டுமா கீழே போகட்டுமா என்று ஒரு மணி நேரம் யோசிக்கும். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பசி போனபோது கூடவே ஆசையும் கிளம்பிப் போய்விட்டது. கிரிக்கெட் பார்க்கப் பிடிக்கவில்லை. பாட்டுக் கேட்டால் எரிச்சல். சாயங்காலம் ஏழு மணிக்குப் போர்வைக்குள் போனால், விடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றியது.

யாரிடம் சொல்வது? ஊரே பாராட்டியது. "இருபது வயசு குறைஞ்சிடுச்சு போங்க!" என்றார்கள். மனைவி பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் போனில் ஒட்டி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கூடக் காட்டினாள். ஆஸ்பத்திரி நர்ஸ் மாதம் ஒருமுறை போன் செய்து, "எடை எவ்வளவு சார்? இடுப்பு? சர்க்கரை?" என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். ஒருமுறை டாக்டரிடமே, "ரொம்ப சோர்வா இருக்கு சார். மனசும் ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தார். டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டி, ஒரு சத்து ஊசியை எழுதி, "எல்லாம் நார்மலா வந்துக்கிட்டிருக்கு. மனச உற்சாகமா வச்சுக்கங்க" என்றார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

மற்ற யாரிடமும் சொல்லாமல் இருந்ததில் பெரிய குற்றமில்லை. ஒருத்தியிடம் சொல்லாமல் இருந்ததுதான் அவரை அறுத்துக்கொண்டிருந்தது.

அவள் அவருடைய தங்கை. நூற்று நாற்பது கிலோ. வீட்டில் பெயர் பாப்பா.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நாளில் ஒரே டாக்டர் ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதினார். பாப்பா அழுதே விட்டாள். "வயித்த வெட்டறதாவது! நான் மாட்டேன்" என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவளை டன்னுதான் மடக்கினார். "நான் முதல்ல இறங்கி ஆழம் பாக்கறேன். முழங்கால் அளவு தண்ணின்னா கூப்பிடறேன், நீ வா. முங்கிட்டேன்னா நீ கரையிலயே நில்லு. சரியா?"

அன்று அதற்குச் சிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பாப்பா போனில் கேட்பாள்: "அண்ணா, தண்ணி எவ்ளோ?" இவர் சொல்வார்: "முழங்கால்தான், வா வா."

வியாழக்கிழமை காலை பாப்பாவுக்கு ஆபரேஷன். இன்று செவ்வாய்.

*

மதியம் பாப்பா நேராக எடை மேடைக்கே வந்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கி, கூண்டு வரைக்கும் இருபது அடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்றாள்.

"வாம்மா பாப்பா! டன்னு மெலிஞ்சதும் எங்களுக்கு மெஷின் சரிபாக்கக் கல்லு இல்லாமப் போச்சு. நல்ல வேளை, நீ வந்த" என்றார் கண்ணாடி.

"வியாழக்கிழமைக்கு அப்புறம் நானும் கிடைக்கமாட்டேன் சார். இப்பவே பாத்துக்கங்க."

கண்ணாடி சிரித்துக்கொண்டே தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டார். அண்ணனும் தங்கையும் கூண்டுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்தார்கள். பாப்பா தன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். டன்னு தன் டப்பாவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார்.

"சாப்பிடல?"

"இப்பதான் சாப்பிட்டேன்."

"ம்." அவள் ரொட்டியைப் பிய்த்தாள். வாயில் போடவில்லை. "அண்ணா, போன்ல கேட்டா நீ ஏதாவது தமாஷ் பண்ணி மழுப்பிடுவ. அதான் நேர்ல வந்தேன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நல்லா இருக்கியா?"

"பாத்தா தெரியல? இந்த பெல்ட்டுல மூணு ஓட்ட புதுசு."

"பெல்ட்ட கேக்கல. உன்ன கேக்கறேன்."

தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லிவிடலாம். முங்கிட்டேன் பாப்பா, தரையே தட்டலை என்று ஒரே வரி. அதற்குள் அவளே பேசினாள்.

"ராத்திரி தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னு நின்னு வருதாம். அவரு பாவம், முழிச்சு உக்காந்து எண்றாரு. நேத்து முப்பது வரைக்கும் எண்ணிட்டு பயந்து அறைஞ்சே எழுப்பிட்டாரு. கன்னம் இன்னும் வலிக்குது." சிரித்தாள். "டாக்டர் சொல்றாரு, இப்படியே விட்டா ஒருநாள் முப்பது முப்பத்தஞ்சாவும், நாப்பதாவும், அப்புறம் எண்ண வேண்டிய வேலையே இருக்காதுன்னு. அதனால போகத்தான் வேணும். ஆனா பயமா இருக்கு. நீ நல்லா இருக்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், கண்ண மூடிக்கிட்டுப் போயிடுவேன்."

டன்னு அவள் கன்னத்தைப் பார்த்தார். விரல் பதிந்த தடம் மங்கலாகத் தெரிந்தது.

"நல்லா இருக்கேன் பாப்பா" என்றார். "ராஜா மாதிரி இருக்கேன். நீ தைரியமா போ."

அவள் அவரையே பார்த்தபடி இருந்தாள். ஒரு லாரி ஹாரன் அடித்தது. தப்பித்தோம் என்று டன்னு எழுந்தார்.

கருங்கல் ஏற்றிய லாரி. டிரைவர் இறங்கிப் போய்க் கூண்டு ஜன்னலில் சீட்டுக்குக் காத்திருந்தார். டன்னு வழக்கம் போலச் சுற்றத் தொடங்கினார். வலது பக்கச் சக்கரங்கள் சரி. பின்பக்கம் வந்தபோது காது அடைத்தது. கண்ணுக்கு முன்னால் தட்டு மேலே எழும்பி வந்தது. விழுந்துவிடக் கூடாது என்று கடைசிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மேடை மேலேயே உட்கார்ந்தார். தலை சக்கரத்தில் சாய்ந்தது. ஒரு நிமிடம், ஒரே நிமிடம் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

கூண்டுக்குள் எண் தொண்ணூறு ஏறியது. கண்ணாடி பத்தொன்பது வருடம் பார்த்த கண்ணால் பார்த்தார். நூற்று அறுபது துள்ளினால் அது டன்னு. தொண்ணூறு ஏறினால் டிரைவர் திரும்ப வண்டியில் ஏறிவிட்டார் என்று அர்த்தம். நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் டிரைவரைக் காணோம். சரி, ஏறிவிட்டார். விசில் காதில் விழவில்லை, ஆனால் டன்னுவின் விசில் இப்போதெல்லாம் யார் காதில்தான் விழுகிறது? பொத்தானை அழுத்தினார். சீட்டு வந்தது. டன்னுவையும் கருங்கல்லோடு கருங்கல்லாகச் சேர்த்து எடை போட்ட சீட்டு.

டிரைவர் வண்டியில் ஏறியிருக்கவில்லை. பீடி பற்றவைக்க ஓரமாக ஒதுங்கியிருந்தார். "சீட்டு ரெடி!" என்ற குரல் கேட்டு ஓடி வந்து வாங்கிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, பின்னால் எடுக்க கியர் போட்டார்.

"நிறுத்து! டேய், நிறுத்துடா!"

பாப்பா ஓடி வந்தாள். இருபது அடிக்கு இரண்டு முறை நின்று வந்தவள், ஒருமுறை கூட நிற்காமல் ஓடி வந்து லாரியின் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். சக்கரம் ஒரு முழம் உருண்டு நின்றது. டன்னுவின் சட்டைக் கை டயருக்கு அடியில் இருந்தது. சட்டைக் கை மட்டும்.

*

தண்ணீர் தெளித்தார்கள். கண்ணாடி, "டன்னு, டன்னு" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர், "விசிலுக்கு நிக்காம எடுத்துட்டேங்க, சத்தியமா பாக்கலைங்க" என்றார். எல்லோரும் விலகிய பிறகு பாப்பா அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இரைத்த மூச்சு அடங்கக் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"தண்ணி எவ்ளோ அண்ணா?"

அவர் அழுதார். சத்தமில்லாமல், குளிரில் நடுங்குகிறவர் மாதிரி அழுதார். அப்புறம் எல்லாம் வந்தது. அரை முட்டை, ஸ்டூல், சாயங்காலம் ஏழு மணி, விடியக் கூடாது என்ற வேண்டுதல்.

"ஏன்ணா மறைச்ச?"

"சொன்னா நீ போகமாட்ட."

"போயிருந்தா, நானும் இப்படிப் படுத்திருப்பேன்ல?"

"எல்லாருக்கும் இப்படி ஆகாதாம் பாப்பா. உனக்கு ஆகாது."

"நாம ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான?" என்றாள் பாப்பா.

அன்று சாயங்காலம் அவள் சொல்லி டன்னுவின் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. மனைவி கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் போன் இருந்தது. ஒட்டிய போட்டோ அதில் இருந்தது.

"என்கிட்ட கூடச் சொல்லத் தோணலையாங்க?"

"நீ சந்தோஷமா இருந்த."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டு, அடுப்படிக்குப் போய், விளக்குப் போடாமல் நின்றாள்.

*

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். பாப்பாவின் கணவர் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறார். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"மச்சான், பாப்பா வேணாம்னுட்டா. ஆஸ்பத்திரிக்கும் சொல்லிட்டா."

"என்ன மாப்பிள்ள சொல்றீங்க!"

"நான் நர்ஸ்கிட்ட கெஞ்சி ஆறு மணி வரைக்கும் இடத்தை வைக்கச் சொல்லியிருக்கேன். ஆறு மணிக்குப் பாப்பாவுக்குப் போன் பண்ணுவாங்க. அவ வாயால வரேன்னு சொல்லணும். இல்லன்னா இடம் அடுத்த ஆளுக்கு. அப்புறம் பத்து மாசம் கழிச்சுத்தான் தேதியாம்."

"நான் பேசறேன்."

"பேசுங்க." இயந்திரச் சத்தம் நின்றது. வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது. குரல் தாழ்ந்தது. "நான் தினம் உக்காந்து எண்றேன் மச்சான். எட்டு மாசமா. ஏழு மாசம் நடிச்சீங்களே... இன்னும் ரெண்டே ரெண்டு நாள் நடிச்சிருக்கக் கூடாதா?"

மாப்பிள்ளையே, "மன்னிச்சுக்குங்க, ஏதோ வேதனையில..." என்று சொல்லி வைத்துவிட்டார்.

டன்னு பாப்பாவுக்குப் போன் செய்தார். சர்க்கரை மாத்திரை நின்றதைச் சொன்னார். குறட்டை நின்றதைச் சொன்னார். நேற்று நடந்தது வெறும் வெயில் மயக்கம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "சரிண்ணா, நீ தூங்கு" என்றாள். பொய் சொன்ன வாயில் உண்மையும் செல்லாமல் போயிற்று.

நான்கரை மணிக்கு அவர் எழுந்தார். நல்ல சட்டையை எடுத்துப் போட்டார். மனைவி, "எங்க போறீங்க?" என்றாள்.

"பாப்பா வீட்டுக்கு."

"நானும் வரேன். இருங்க, கதவ சாத்திட்டு..."

"வேணாம். நான் தனியாப் போகணும்." அவர் யோசனை எளிமையானது. பாப்பாவின் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. பழைய உடம்பில் இரண்டாவது மாடியிலேயே நின்றுவிட்டு, "பாப்பா, தலகாணிய கீழ போடு, நான் இங்கயே குடியிருக்கறேன்" என்று கத்துவார். இன்று நிற்காமல் ஏறி, மூச்சு வாங்காமல் அவள் கதவைத் தட்ட வேண்டும். வாய்ச் சொல்லைத்தான் அவள் நம்பமாட்டாள், கண்ணால் பார்த்ததை நம்பித்தானே ஆக வேண்டும்? நேற்று கண்ணால் பார்த்ததைத்தான் நம்பிவிட்டாள். அதை இன்னொரு காட்சியால் அடிக்க வேண்டும்.

பஸ்ஸில் போய் இறங்கும்போது மணி ஐந்தேகால். கீழே கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். படி ஏறினார்.

முதல் மாடி வரைக்கும் நன்றாகவே போனது. வயிற்றுப் பாரம் இல்லாத கால் லேசாகத்தான் எழும்பியது. அட, முடிகிறதே என்று ஒரு நொடி, ஏழு மாதத்தில் முதன்முறையாக, நெஞ்சில் ஏதோ அசைந்தது. இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்தார். அடுத்த படிகளில் காலுக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. வலிக்கவில்லை. இரைக்கக் கூட இல்லை. படி இருந்தது, கால் இருந்தது, இரண்டையும் சேர்க்கிற ஒன்று உள்ளே இல்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்தார். கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஐந்து ஐம்பது.

மேலே கதவு திறந்தது. பாப்பாவின் செருப்புச் சத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம், ஒரு படி.

"அண்ணி போன் பண்ணாங்க. கிளம்பிப் போயி ஒரு மணி நேரமாச்சு, வந்து சேந்தாரான்னு" என்று இரைத்தபடி வந்தாள். அவரைப் பார்த்தாள். நல்ல சட்டையைப் பார்த்தாள். என்ன செய்ய வந்தார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

"ஏறிடுவேன் பாப்பா. கொஞ்சம் உக்காந்தேன், அவ்ளோதான். நீ மேல போ. ஆறு மணிக்கு போன் வரும்."

"தெரியும்."

"போன் எங்க?"

"மேல, மேசை மேல."

"அப்ப போ! இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

அவள் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் தன்னை இறக்கி, அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். படி முழுவதும் அவளுக்கே சரியாக இருந்தது. அவர் சுவரோடு ஒடுங்கிக்கொண்டார். இறங்கி வந்ததில் அவள் மார்பு விம்மி விம்மித் தணிந்தது. மூச்சுக்கு நடுவில் ஒரு சிறு விசில் சத்தம் வந்தது.

"பாப்பா, உன் கால்ல விழறேன். வரேன்னு சொல்லு. எனக்கு ஆனது உனக்கு ஆகாது."

"ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

அவர் வாயைத் திறந்தார். ராஜா மாதிரி இருக்கேன் என்று சரளமாகச் சொன்ன அதே வாய்தான். தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வரவில்லை.

"தெரியாது" என்றார்.

"எனக்கும் தெரியாது. போகாட்டி என்ன ஆகும்னு தெரியும். போனா என்ன ஆகும்னு நேத்து மடியில வச்சுப் பாத்துட்டேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ரெண்டுல எதுக்கு நான் சரின்னு சொல்றது அண்ணா? நீயே சொல்லு, அதச் செய்யறேன்."

நாற்பத்தேழு வருடத்தில் அவளுக்கு அவர் சொல்லாத பதில் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எந்த வழி, எந்த மாப்பிள்ளை, எந்த டாக்டர், எல்லாம் அவர் சொன்னதுதான். அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேலே போன் அடித்தது.

நான்காவது மாடியின் திறந்த கதவு வழியாக, படிக்கட்டு முழுவதும் அது கேட்டது. அவர் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தார். பாதி எழுந்து, முழங்கால் மடங்கி, மறுபடி உட்கார்ந்தார். பாப்பா ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். அவளும் எழப் பார்க்கிறாளா, அண்ணனைத் தாங்கத்தான் ஊன்றினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கை அங்கேயே இருந்தது.

போன் சத்தம் நின்றது. சிறிது நேரம் கழித்து இன்னொரு முறை அடித்தது. இந்த முறை சீக்கிரமே நின்றுவிட்டது.

"ராத்திரி மாப்பிள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்?" என்றார் டன்னு.

"எண்ணச் சொல்லு" என்றாள் பாப்பா.

கீழே எந்த வீட்டிலோ யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு விளக்கு இன்னும் போடப்படவில்லை. பாப்பாவின் மூச்சு அடங்குவதற்காக டன்னு காத்திருந்தார். அது அடங்குவதாக இல்லை.